டேர்ன்டேபிளுக்கு ஃபோனோ கேபிள் தெரிவு செய்வது எப்படி: கொழும்பு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

இசைத்தட்டைச் சுழற்ற நல்ல டேர்ன்டேபிள் வாங்கியாகிவிட்டது. ஊசியைத் தாங்கும் கை (டோன்ஆம், சுருக்கமாக ‘ஆம்’), ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக்கும் கார்ட்ரிஜ், அந்தச் சமிக்ஞையைப் பெருக்கும் தனி ஃபோனோ ஸ்டேஜ் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தாயிற்று. கடைசியில் மிச்சமிருப்பது டேர்ன்டேபிளை ஃபோனோ ஸ்டேஜோடு இணைக்கும் ஒரு மீற்றர் வயர், அதாவது ஃபோனோ கேபிள். இந்த இடத்துக்கு வந்ததும் ஒரு சாரார் டிவிடி பிளேயரோடு வந்த மெல்லிய கேபிளை எடுத்துச் செருகிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் விளம்பரத்தை நம்பி, கார்ட்ரிஜின் விலையைத் தாண்டிய கேபிளைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்கிறார்கள். இரண்டு சாராரின் வீட்டிலும் ஸ்பீக்கரில் ஒரே உறுமலைக் கேட்டிருக்கிறேன். ஃபோனோ கேபிள் கார்ட்ரிஜின் மின்சுற்றுக்குள்ளேயே ஒரு பாகமாக உட்கார்ந்து வேலை செய்கிறது. அதனால் அதன் கணக்கை முதலில் காகிதத்தில் போடவேண்டும், பிறகுதான் கடைக்குப் போகவேண்டும்.

ஏன் இந்தக் கேபிளுக்கு மட்டும் இத்தனை கவனம்? சீடி பிளேயர் 2 வோல்ட் அளவில் சமிக்ஞை தருகிறது. சாதாரண எம்.எம். (மூவிங் மெக்னட், காந்தம் அசையும்) கார்ட்ரிஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். எம்.சி. (மூவிங் கொயில், சுருள் அசையும்) என்றால் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட் வரைதான். இதைக் கேட்கும்படி ஆக்க, ஃபோனோ ஸ்டேஜ் எம்.எம்.முக்கு 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு பெருக்குகிறது, எம்.சி.க்கு 60 டெசிபெல், 1000 மடங்கு. அதோடு முடியவில்லை. 1954 முதல் வழக்கில் இருக்கும் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பதிவுத் தரமுறைப்படி இசைத்தட்டை வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்துப் பதிவார்கள், இசைக்கும்போது ஃபோனோ ஸ்டேஜ் அதைத் திருப்பி உயர்த்தும். 1 கிலோஹேர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹேர்ட்ஸில் அந்த உயர்த்தல் சுமார் 17 டெசிபெல், அதாவது ஏழு மடங்கு. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கேபிளுக்குள் நுழையும் கரண்ட் இரைச்சலுக்கு ஃபோனோ ஸ்டேஜே விசேட சலுகை கொடுக்கிறது.

முதலாவது படி: கார்ட்ரிஜ் எந்த வகை?

கார்ட்ரிஜோடு வந்த தாளை எடுங்கள். தாள் தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இருக்கும். அதில் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெளியீடு எத்தனை மில்லிவோல்ட், சுருளின் தூண்டுதிறன் (இண்டக்டன்ஸ்) எத்தனை மில்லிஹென்றி, சுருளின் தடை எத்தனை ஓம், பரிந்துரைக்கப்படும் சுமை எவ்வளவு. சுமை இரண்டு பகுதியாக இருக்கும். ஒன்று தடை, எம்.எம்.முக்கு அநேகமாக 47 கிலோஓம். மற்றது கொள்ளளவம் (கபாசிட்டன்ஸ்), அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறன், பிக்கோபரட் என்ற அலகில்.

ஓர்டோஃபோன் 2எம் ரெட், 2எம் புளூ இரண்டுக்கும் தூண்டுதிறன் 700 மில்லிஹென்றி, பரிந்துரை 150 முதல் 300 பிக்கோபரட். ஓடியோ டெக்னிகா விஎம்95 வரிசைக்கு 550 மில்லிஹென்றி, பரிந்துரை 100 முதல் 200. இரண்டு எல்லைகளும் சந்திப்பது 150க்கும் 200க்கும் இடையில் மட்டும். ஓர்டோஃபோனுக்குப் பொருந்திய கேபிள் ஓடியோ டெக்னிகாவுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

கிராடோவின் மூவிங் அயன் (இரும்பு அசையும்) கார்ட்ரிஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அதன் தூண்டுதிறன் 45 மில்லிஹென்றி அளவே, ஆகவே கொள்ளளவம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. எம்.எம். சொக்கெட்டில் நேரே செருகக்கூடிய உயர்வெளியீட்டு எம்.சி.யும் அப்படித்தான். இவர்கள் அடுத்து வரும் கணக்கை மேலோட்டமாக வாசித்துவிட்டு எர்த் பகுதிக்குப் போகலாம்.

இரண்டாவது படி: ஆமின் பின்பக்கம் என்ன சொக்கெட்?

இதைப் பார்க்காமல் கேபிளுக்கு ஓடர் கொடுத்து, வந்த பிறகு பிளக் பொருந்தாமல் அலைபவர்கள் உண்டு. டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200ஜிஆர், எம்.கே.7 ஆகியவற்றின் பின்பக்கம் ஆர்.சி.ஏ. சொக்கெட்டும் (நடுவில் ஒரு பின், சுற்றிவர வளையம் உள்ள பிளக்குக்கானது) எர்த் திருகும் இருக்கும். இந்த ஊரின் இசைநிகழ்ச்சிக்காரர்களிடமிருந்து கைமாறி வரும் பழைய எம்.கே.2-ல் கேபிள் உள்ளேயே பற்றாசு வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். மாற்றவேண்டுமென்றால் அடிப்பாகத்தைத் திறக்கவேண்டும். ரேகா ஆம்களிலும் கேபிள் நிரந்தரம். அங்கே தனி எர்த் வயரும் கிடையாது, ஆமின் உலோகம் ஒரு சனலின் வெளிக்கவசத்தோடு உள்ளேயே இணைந்திருக்கும். எஸ்.எம்.இ., லின் எகோஸ் போன்ற ஆம்களில் 5 பின் டின் சொக்கெட். நான்கு பின் சுற்றிவர, ஒன்று நடுவில் இருக்கும். இசைக்கருவிகளுக்கான மிடி கேபிளும் 5 பின்தான், ஆனால் பின்கள் அரைவட்டமாக நிற்பதால் இதற்குப் பொருந்தாது. டின் பிளக் நேராகவும் வரும், செங்கோணமாக வளைந்தும் வரும். ஆமுக்குக் கீழே எத்தனை இடமிருக்கிறது என்று அளவுகோலால் அளந்துவிட்டு ஓடர் கொடுங்கள்.

நிரந்தரக் கேபிளை வெட்டி எறிய அவசரப்பட வேண்டாம். அதன் கொள்ளளவத்தை அளந்து, கணக்குக்குள் வந்தால் அப்படியே விடுங்கள்.

மூன்றாவது படி: கொள்ளளவக் கணக்கு

எம்.எம். வைத்திருப்பவர்களுக்கு முழு விடயத்தின் உயிர் இங்கேதான். சற்று நிதானமாக வாசியுங்கள்.

கார்ட்ரிஜின் சுருளும் அதன் பின்னால் வரும் கொள்ளளவமும் சேர்ந்து ஒரு பரிவுச் சுற்றை, அதாவது குறிப்பிட்ட ஒரு மீடிறனைத் தூக்கலாக்கும் சுற்றை, உண்டாக்குகின்றன. உயர்தரத்தில் படித்த சூத்திரமேதான்: தூண்டுதிறனையும் கொள்ளளவத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 2 பையால் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் பரிவு மீடிறன் கிடைக்கும். 2எம் புளூவை 300 பிக்கோபரட்டில் வைத்தால் பரிவு ஏறத்தாழ 11 கிலோஹேர்ட்ஸில் விழும். 150-ல் வைத்தால் 15.5 கிலோஹேர்ட்ஸுக்கு ஏறும். விஎம்95-ஐ 300-ல் வைத்தால் 12.4 கிலோஹேர்ட்ஸ், 184-ல் வைத்தால் 15.8.

காதுக்கு இது எப்படித் தெரியும்? கொள்ளளவம் எல்லை தாண்டினால் மேல்தொனியில் ஒரு மேடு எழும்பி, அதற்கு மேலே ஒலி சரேலென விழுந்துவிடும். பாடகியின் ‘ச’வும் ‘ஷ’வும் பல்லில் கூசும். ஜால்ரா ஒலி தகரம் போலாகும். பழைய ஹெச்.எம்.வி. தட்டில் எப்போதும் இருக்கும் பொரிச்சத்தம் முன்னுக்கு வந்து நிற்கும். நாதஸ்வரத்தில் சீவாளியின் கரகரப்பு மட்டும் தூக்கலாகி, குழலின் உடம்பு மெலிந்துபோகும். நம்மவர்களின் அலுமாரிகளில் உள்ள தட்டுகளில் பாதிக்கு மேல் குரலும் நாதஸ்வரமும்தான். அதனால் இந்தப் பிழை நமக்குச் சட்டென்று வலிக்கும். மாறாக, கொள்ளளவம் எல்லைக்குக் கீழே போனால் மேல்தொனியில் சிறு பள்ளம் விழுந்து ஒலி கொஞ்சம் மந்தமாகத் தோன்றும். அது அவ்வளவு பெரிய குற்றமில்லை, திருத்தவும் முடியும்.

கூட்டவேண்டியது மூன்று: ஆமுக்குள் ஓடும் மெல்லிய வயரின் கொள்ளளவம், கேபிளின் கொள்ளளவம், ஃபோனோ ஸ்டேஜின் உள்ளீட்டுக் கொள்ளளவம். ஓர் உதாரணம் பார்ப்போம். ஆம் வயர் 30 பிக்கோபரட். கேபிள் 1.2 மீற்றர், மீற்றருக்கு 100 வீதம் 120. ஃபோனோ ஸ்டேஜ் 150. மொத்தம் 300. 2எம் புளூவுக்கு இது எல்லையின் விளிம்பு, விஎம்95-க்கு நூறு கூடுதல். இப்போது மீற்றருக்கு 45 பிக்கோபரட் உள்ள கேபிளை அதே நீளத்தில் போட்டால் 54, மொத்தம் 234. இன்னும் விஎம்95-இன் எல்லைக்கு வெளியேதான். ஃபோனோ ஸ்டேஜின் அடியில் உள்ள சிறு சுவிட்சைத் தள்ளி 150-ஐ 100 ஆக்கினால் மொத்தம் 184, எல்லைக்குள் வந்துவிட்டது. கேபிளை மட்டும் மாற்றித் தீராத விடயம் செலவில்லாத ஒரு சுவிட்சில் தீர்ந்தது. அதனால் கேபிளைத் தேடுவதற்கு முன்பே உங்கள் ஃபோனோ ஸ்டேஜின் கையேட்டைப் பாருங்கள். சிலவற்றில் இந்த எண் 47, சிலவற்றில் 220. பழைய ஜப்பானிய அம்ப்களின் உள்ளே இருக்கும் ஃபோனோ பகுதியில் இதை மாற்ற வழியே இராது. அப்படிப்பட்ட அம்ப்புக்குக் குறைந்த கொள்ளளவக் கேபிள் அத்தியாவசியம்.

கேபிளின் கொள்ளளவம் கூடினால் அதைக் குறைக்க வழியில்லை, குறைந்தால் கூட்டலாம். ஆகவே எம்.எம்.முக்கு எப்போதும் குறைந்த கொள்ளளவக் கேபிளையே தெரிவு செய்யுங்கள். தேவைப்பட்டால் 47 அல்லது 100 பிக்கோபரட் பொலிஸ்டைரீன் கொள்ளளவியை ஆர்.சி.ஏ. பிளக்குக்குள் பற்றாசு வைத்துச் சமாந்தரமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த அறிவு புதிதல்ல. 1970களின் தொடக்கத்தில் ஜே.வி.சி. கொண்டுவந்த சிடி-4 என்ற நாற்சனல் இசைத்தட்டில் மேலதிக சனல்களின் தகவலைச் சுமக்கும் 30 கிலோஹேர்ட்ஸ் காவி அலை ஒன்றும் பதியப்பட்டிருந்தது. அதைக் கார்ட்ரிஜிலிருந்து வெளியே கொண்டுவரவே குறைந்த கொள்ளளவக் கேபிள்கள் அப்போது பரவலாயின. அந்தத் தட்டுகள் வழக்கொழிந்துபோனாலும் கேபிளுக்கான விதி மாறவில்லை.

கேபிளை எப்படி அளப்பது? தூண்டுதிறன், கொள்ளளவம், தடை மூன்றையும் அளக்கும் எல்.சி.ஆர். அளவி ஒன்று இருந்தால் நல்லது, 1 கிலோஹேர்ட்ஸில் வையுங்கள். கொள்ளளவம் அளக்கும் சாதாரண மல்டிமீற்றரும் ஓரளவு உதவும். அதன் சொந்த வயர்களின் அளவை முதலில் பார்த்துக் கழித்துவிடுங்கள். கேபிளின் இரு முனைகளும் எதிலும் செருகப்படாமல் இருக்க, ஒரு முனையில் நடுப் பின்னுக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் அளக்கவேண்டும். டெக்னிக்ஸ் போல ஹெட்ஷெல் (கார்ட்ரிஜைப் பூட்டும் முனைத்துண்டு) கழற்றக்கூடிய ஆம் என்றால் இன்னும் இலகு: ஹெட்ஷெல்லைக் கழற்றிவிட்டு, ஃபோனோ ஸ்டேஜ் பக்கப் பிளக்கில் அளந்தால் ஆம் வயரும் கேபிளும் சேர்ந்த தொகை ஒரே தடவையில் கிடைத்துவிடும். கார்ட்ரிஜ் இணைந்திருக்கும்போது மல்டிமீற்றரை ஓம் அளவில் வைத்துத் தொடவேண்டாம். அதிலிருந்து பாயும் மின்னோட்டம் எம்.சி.யின் நுண்ணிய சுருளைக் கெடுத்துவிடலாம்.

எம்.சி. வைத்திருப்பவர்களுக்கு

எம்.சி.யின் சுருளில் தூண்டுதிறன் மிகமிகக் குறைவு. கேபிளின் கொள்ளளவத்தால் நாம் கேட்கும் வீச்சுக்குள் எதுவும் நடக்காது. இங்கே வேறு கவலை: சமிக்ஞை பத்தில் ஒன்று, பெருக்கம் பத்து மடங்கு. ஆகவே கவசமும் எர்த்தும்தான் உயிர்.

டெனன் டிஎல்-103-ஐ எடுத்துக்கொள்வோம். 1960களில் ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.க்காக உருவாகி இன்றுவரை விற்கப்படும் கார்ட்ரிஜ் இது. வெளியீடு 0.3 மில்லிவோல்ட், சுருளின் தடங்கல் (இம்பீடன்ஸ்) 40 ஓம். மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கும் 1:10 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபோமர் ஊடாக எம்.எம். உள்ளீட்டுக்குக் கொடுத்தால் 3 மில்லிவோல்ட் ஆகும். 47 கிலோஓம் சுமை நூறால் (பத்தின் வர்க்கத்தால்) வகுபட்டு 470 ஓமாகக் கார்ட்ரிஜுக்குத் தெரியும். இங்கே இரண்டு கேபிள் வருகின்றன. ஆமிலிருந்து டிரான்ஸ்ஃபோமருக்குப் போவதற்கு நல்ல கவசம் வேண்டும். டிரான்ஸ்ஃபோமரிலிருந்து ஃபோனோ ஸ்டேஜுக்குப் போவது கூடியவரை குட்டையாக, குறைந்த கொள்ளளவத்தோடு இருக்கவேண்டும். ஏனென்றால் அந்தப் பக்கத்துக் கொள்ளளவம் முதற்சுருள் பக்கம் நூறு மடங்காகத் தோன்றி, டிரான்ஸ்ஃபோமரின் மேல்தொனியைக் குலைக்கும். அரை மீற்றர் போதும். பலர் முதற் கேபிளுக்குக் காசை இறைத்துவிட்டு இரண்டாவதுக்குக் கையில் கிடைத்ததைப் போடுகிறார்கள்.

வெள்ளி வயரா, செம்பு வயரா என்று கேட்பீர்கள். எம்.எம். சுருளின் தடை நூற்றுக்கணக்கான ஓம், 2எம் ரெட்டில் 1.3 கிலோஓம். ஒரு மீற்றர் வயரின் தடை ஓமில் சிறு பின்னம். எம்.சி.யிலும் கேபிளின் தடை சுருளின் தடையைவிட மிகச் சிறியது. நல்ல செம்பு போதும். வெள்ளிக்குக் கொடுக்கும் காசை ஸ்டைலஸுக்கு (ஊசிக்கு) ஒதுக்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

கேபிளின் உடம்பு

இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். கோஎக்சியலில் நடுவில் ஒரு வயர், சுற்றிவரப் பின்னல் கவசம். கவசமே திரும்பும் பாதை. இரட்டை வயர் வகையில் சமிக்ஞை போகவும் வரவும் முறுக்கிய இரண்டு வயர்கள் உண்டு. கவசம் தனியாக, ஒரு முனையில் மட்டும் இணைக்கப்பட்டிருக்கும். கேபிளின் மேல் அம்புக்குறி போடுவது இதற்காகத்தான். தயாரிப்பாளர் சொல்லும் திசையிலேயே போடுங்கள்.

கொள்ளளவம் குறைய வேண்டுமென்றால் நுரை காப்புள்ள கோஎக்சியல்தான் சிறந்தது. அமெரிக்காவின் புளூ ஜீன்ஸ் நிறுவனத்தின் எல்.சி-1 கேபிள் மீற்றருக்கு 40 பிக்கோபரட் அளவு. ஸ்டார் குவாட் எனப்படும் நான்கு வயர் மைக்ரோஃபோன் கேபிள் காந்தப்புல இரைச்சலை மிக நன்றாகத் தடுக்கும், ஆனால் அதன் கொள்ளளவம் மீற்றருக்கு 150-ஐ ஒட்டி வரும். எம்.சி.க்கு அது அருமை. 1.2 மீற்றர் போட்டாலே 180 ஆகிவிடுவதால் எம்.எம்.முக்கு வேண்டாம்.

கார்ட்ரிஜ் இயல்பிலேயே சமநிலை (பாலன்ஸ்ட்) மூலம். சுருளின் இரு முனைகளும் எதோடும் ஒட்டாமல் தனித்தனிப் பின்னாக வெளியே வருகின்றன. ஃபோனோ ஸ்டேஜில் எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று பின் சமநிலை உள்ளீடு இருந்து, எம்.சி.யும் வைத்திருந்தால், டின்னிலிருந்து எக்ஸ்.எல்.ஆர். கேபிள் போடுவதை யோசியுங்கள். உறுமல் குறைய அதைவிட நேரான வழி இல்லை. சில எம்.எம். கார்ட்ரிஜ்களில் உலோக உடம்பை ஒரு பின்னோடு இணைக்கும் சிறு தகடு இருக்கும். சமநிலையில் போடும்போது அதைக் கழற்றவேண்டும்.

தொங்கும் அடித்தளம் உள்ள டேர்ன்டேபிள்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. லின் எல்பி12 போன்றவற்றில் ஆமும் தட்டும் ஸ்பிரிங்கில் மிதக்கின்றன. விறைப்பான கேபிள் அந்த மிதப்பை ஒரு பக்கமாக இழுத்துவிடும். அங்கே கேபிளின் நெகிழ்வு மற்ற எல்லாக் குணத்துக்கும் முந்தியது. கிளிப்பில் பிடித்து வளைவு கொடுக்கும் வேலையைப் பழகிய கையிடம் விடுங்கள்.

எர்த்தும் உறுமலும்

கொழும்பில் என்னைக் கூப்பிட்டுக் காட்டும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்தப் பகுதிக்குள் அடங்கும். கேபிளை மாற்றினால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையான காரணம் சுவரில் இருக்கும்.

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்துப் பழைய வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டைப் பின் சொக்கெட்டுகள் இன்னும் உண்டு. புதிய தொடர்மாடிகளில் 13 அம்பியர் சதுரப் பின். இரண்டையும் இணைக்க அடெப்டர் போடுகிறோம். மலிவான அடெப்டர்கள் பலவற்றில் எர்த் பின் வெறும் பிளாஸ்டிக், அல்லது உள்ளே எதோடும் இணைந்திராது. அம்ப் ஒரு சுவரிலும் டேர்ன்டேபிள் இன்னொரு சுவரிலும் செருகப்பட்டால் இரண்டு எர்த்துக்கும் இடையில் சிறு மின்னழுத்த வேறுபாடு வரும், அது கேபிளின் கவசம் வழியே பாயும். முதலில் எல்லாவற்றையும் எர்த் சரியாக உள்ள ஒரே சொக்கெட்டிலிருந்து, ஒரே நல்ல எக்ஸ்டென்ஷனில் எடுங்கள். வீட்டு எர்த் சரியா என்பதை உரிமம் பெற்ற மின்னியலாளரை அழைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். உறுமலைப் போக்க அம்ப்பின் எர்த் பின்னைக் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள், உயிர் போகும் வேலை.

பிறகு உறுமலின் ஊரைக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு முறையும் கேபிளைத் தொடுவதற்கு முன் வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து அம்ப்பை நிறுத்துங்கள். ஸ்பீக்கரைக் காப்பாற்றும் பழக்கம் அது.

கேபிளை ஃபோனோ ஸ்டேஜிலிருந்து கழற்றி, நடுப்பின்னும் வளையமும் இணைந்த ஷோர்ட்டிங் பிளக்கைச் செருகிக் கேளுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் குற்றம் ஃபோனோ ஸ்டேஜிலோ அதற்குப் பின்னாலோ. நின்றுவிட்டால் கேபிளும் டேர்ன்டேபிளும் சந்தேகநபர்கள். அடுத்து கேபிளைத் திரும்பச் செருகி, எர்த் வயரைப் பூட்டியும் கழற்றியும் கேளுங்கள். பூட்டியதும் குறைந்தால் சரி. பூட்டியதும் கூடினால் எர்த் இரண்டு வழியாகப் போய் ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. ரேகா போல உள்ளே இணைத்த ஆமுக்கு மேலதிக எர்த் வயர் போட்டவர்களுக்கு இப்படி வரும். ஒரு சனலில் மட்டும் உறுமினால் ஹெட்ஷெல்லில் உள்ள நான்கு வயர்களைப் பாருங்கள்: சிவப்பும் பச்சையும் வலது, வெள்ளையும் நீலமும் இடது. ஒன்று தளர்ந்திருந்தாலே போதும்.

தாழ்ந்த, உருண்டையான 50 ஹேர்ட்ஸ் உறுமல் பெரும்பாலும் அருகிலுள்ள டிரான்ஸ்ஃபோமரின் காந்தப்புலம். அம்ப்பின் மேலேயே டேர்ன்டேபிளை வைத்திருந்தால் தட்டின் நடுப்பக்கம் ஆம் நகர நகர உறுமல் மாறும். இடத்தை மாற்றுவதே மருந்து. கூர்மையான பர்ர் சத்தம் என்றால் மேலே பாருங்கள். எலெக்ட்ரோனிக் ரெகுலேட்டர் வைத்த சீலிங் ஃபேன், மங்கவைக்கும் எல்.ஈ.டி. விளக்கு, ஃபோன் சார்ஜர் மூன்றும் இந்த ஊரின் வழமையான குற்றவாளிகள். ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டால் தெரிந்துவிடும். ஃபேன் இல்லாமல் கொழும்பில் பாட்டுக் கேட்க முடியாது என்பதால் ரெகுலேட்டரைப் பழைய பாணிப் படிச்சுவிட்ச் வகைக்கு மாற்றுவது நல்ல முதலீடு. வைஃபை ரவுட்டரை டேர்ன்டேபிளிலிருந்து தூரத் தள்ளுங்கள்.

நீளமும் பாதையும்

1.2 மீற்றர் வழமை. 0.8 போதுமென்றால் 0.8 வாங்குங்கள், கொள்ளளவமும் இரைச்சலும் சேர்ந்து குறையும். அம்ப் தூரத்தில் இருக்கிறதா? ஃபோனோ ஸ்டேஜை டேர்ன்டேபிளுக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து அம்ப்புக்கு நீண்ட சாதாரண கேபிள் போடுங்கள். அந்தப் பக்கம் சமிக்ஞை பலமானது, மூன்று நான்கு மீற்றர் ஓடினாலும் தாங்கும். கரண்ட் வயரோடு ஃபோனோ கேபிளைச் சேர்த்துக் கட்டாதீர்கள். கடக்கவேண்டி வந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். மிச்சக் கேபிளை வட்டமாகச் சுருட்டி வைக்கவும் வேண்டாம்.

பிளக்கும் கடற்காற்றும்

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம், பம்பலப்பிட்டி முதல் தெஹிவளை வரை குடியிருப்பவர்களுக்கு இது தனியாகச் சொல்லவேண்டியது. உப்புக்காற்று வெறும் செம்பையும் வெள்ளிப் பூச்சையும் விரைவில் கறுக்கவைக்கும். ஒரு மில்லிவோல்டுக்கும் குறைந்த சமிக்ஞைக்கு அந்தக் கறுப்பு ஒரு தடுப்புச் சுவர். தங்கப்பூச்சுள்ள பிளக்கையே வாங்குங்கள். இங்கே அது அலங்காரத்துக்கு அல்ல. வெளி வளையம் சொக்கெட்டை இறுக்கிப் பிடிக்கவேண்டும், ஆனால் பழைய அம்ப்பின் சொக்கெட்டைப் பிடுங்கி எடுக்கும் அளவுக்கு இறுக்கம் கூடாது. ஒரு சனலின் ஒலி விட்டுவிட்டு வந்தால் கேபிளைக் குறைசொல்ல முன் பிளக்குகளையும் ஹெட்ஷெல் தொடுபுள்ளிகளையும் ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்துப் பாருங்கள்.

வாங்குவதா, செய்வதா?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் பிளக்கும் வயரும் கிடைக்கும். பெயர் பொறித்த பிளக் எல்லாம் அசல் என்று நினைக்காதீர்கள், கையில் எடுத்துப் பாரத்தையும் பூச்சையும் பாருங்கள். “அண்ணா, இந்த வயர் மீற்றருக்கு எத்தனை பிக்கோபரட்?” என்று கேளுங்கள். அநேகமாகப் பதில் வராது. அதனால் வயரின் மேல் அச்சிட்டிருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தரவுத்தாளில் தேடுங்கள். அல்லது ஒரு மீற்றர் மட்டும் வாங்கி வந்து அளந்து பாருங்கள்.

டிவி அன்டெனா வயர் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்.ஜி-59 மீற்றருக்கு 67 பிக்கோபரட் அளவு, ஆர்.ஜி-6 சுமார் 53. எண்கள் நல்லவைதான். ஆனால் ஆர்.ஜி-6-இன் நடுவயர் பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு, கவசம் அலுமினியத் தகடு, பற்றாசு ஒட்டாது, வளையவும் வளையாது. செம்பு நடுவயரும் நெருக்கமான செம்புப் பின்னலும் உள்ள ஆர்.ஜி-59 கிடைத்தால், உறுதியான அடித்தளமுள்ள டெக்னிக்ஸ் போன்ற டேர்ன்டேபிளுக்கு மிகக் குறைந்த செலவில் நல்ல எம்.எம். கேபிள் செய்யலாம். எர்த்துக்குத் தனியாக ஒரு மெல்லிய வயரை, இரு முனையிலும் லக் (திருகில் மாட்டும் உலோக முனை) வைத்து, கேபிளோடு கூடவே ஓடவிடுங்கள். டின் பிளக்கில் மட்டும் புதியவர்கள் கைவைக்க வேண்டாம். பின்கள் நெருக்கம், சூடு கூடினால் பிளாஸ்டிக் உருகி பின் சாய்ந்துவிடும். அதை ஆயத்தமாக வாங்குவதே மேல்.

எவ்வளவு செலவழிக்கலாம்? கார்ட்ரிஜின் விலையில் கால்பங்கைத் தாண்டத் தேவையில்லை என்பது என் அளவுகோல். கொள்ளளவ எண்ணை வெளியிடாத நிறுவனத்தின் கேபிளை, எத்தனை அழகான பெட்டியில் வந்தாலும், எம்.எம்.முக்கு வாங்கமாட்டேன்.

பூட்டிய பிறகு

தட்டு ஓடாமல், ஸ்டைலஸை உயர்த்தி வைத்துக்கொண்டு, வழமையாகக் கேட்கும் அளவுக்கு வொலியூமை ஏற்றுங்கள். இருக்கையில் உட்கார்ந்து கேட்டால் மெல்லிய சீற்றத்துக்கு மேல் எதுவும் வரக்கூடாது. அதே நிலையில் கேபிளை விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். கரகரவென்றால் கவசமோ பற்றாசோ சரியில்லை.

பிறகு பெண்குரல் தெளிவாக உள்ள ஒரு தட்டை எடுத்து முதற்பாட்டை மட்டும் கேளுங்கள். கடைசிப் பாட்டு வேண்டாம். தட்டின் உள்வட்டத்தில் வரும் சிதைவைக் கேபிளின் குற்றமாக எண்ணிவிடுவீர்கள். ‘ச’ கூசினால் ஃபோனோ ஸ்டேஜின் கொள்ளளவ சுவிட்சை ஒரு படி இறக்கிக் கேளுங்கள். மந்தமாகத் தோன்றினால் ஒரு படி ஏற்றுங்கள். வேறுபாடே தெரியவில்லையென்றால் கணக்குக்குள் நடுவில் இருக்கும் நிலையில் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓரிரு மாலை கேட்டுவிட்டே அடுத்ததைத் தொடுங்கள். ஒரே நேரத்தில் கேபிளையும் சுவிட்சையும் ஸ்டைலஸ் பாரத்தையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் மாலை இடிமழை தொடங்கும் மாதங்களில், கேட்டு முடிந்ததும் அம்ப், ஃபோனோ ஸ்டேஜ், டேர்ன்டேபிள் மூன்றின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் மின்னலுக்குப் போதாது.